டாக்டரும் வக்கீலும் ஒரே ஹாலில்: கும்பகோணத்தில் ஒருநாள் சி.எம்.இ. நடத்த யோசனை வேண்டும்

குடந்தை டாக்டர் · ஏப்ரல் 6, இரவு 10.40

வணக்கம். எங்கள் ஊர் டாக்டர்கள் வட்டத்தில் இந்த வருஷ சி.எம்.இ. (டாக்டர்களுக்கான தொடர் மருத்துவக் கல்விக் கூட்டம்) பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். வழக்கமாக என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சர்க்கரைக்குப் புது மாத்திரை, நாற்பது ஸ்லைடு, பிரியாணி, கையில் ஒரு பை. இந்தத் தடவை மெடிகோ லீகல், அதாவது வைத்தியமும் சட்டமும் சந்திக்கும் விஷயத்தை மட்டும் எடுத்து, வக்கீல்களையும் கூப்பிட்டு, ஒருநாள் முழுக்கச் சேர்ந்து உட்காரலாம் என்று ஓர் ஆசை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் சம்மன் வந்து சாட்சி சொல்லப் போனேன். நான் அரசு ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் பார்த்த வெட்டுக் காயம், ஆறு வருஷத்துக்கு முந்தையது. எதிர்த்தரப்பு வக்கீல் நான் எழுதிய ஏ.ஆர். காப்பியை, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகலை, என்னிடமே நீட்டி, "மூணாவது வரியில இது என்ன வார்த்தை டாக்டர்?" என்றார். எனக்கே படிக்க வரவில்லை. கோர்ட்டே சிரித்தது. வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

தேதி, இடம், பணம், யாரைப் பேசவைப்பது, எல்லாவற்றுக்கும் யோசனை வேண்டும். வக்கீல்களுக்கும் கிரெடிட் மாதிரி ஏதாவது உண்டா?

பெரிய தெரு வக்கீல் · ஏப்ரல் 6, இரவு 11.15

டாக்டர் சார், நல்ல காரியம். முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில்: எங்களுக்குக் கிரெடிட் எல்லாம் கிடையாது. உங்களுக்காவது ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் படிக்க வேண்டும் என்று 2002 ஒழுக்க விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் சன்னது (வக்கீல் தொழில் அனுமதி) வாங்கிவிட்டால் அப்புறம் படி என்று சொல்ல ஆளில்லை. அதனால் சான்றிதழைக் காட்டி வக்கீலை இழுக்க முடியாது. விஷயம் இருந்தால் வருவார்.

விஷயத்துக்குப் பஞ்சமும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டம் மூன்றும் மாறிவிட்டன. ஆனால் இன்னும் பல டாக்டர்கள் கூண்டில் ஏறிப் பழைய இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகளான 320, 304ஏ என்றே பேசுகிறார்கள். நம்பர் மாறியது மட்டுமென்றால் பரவாயில்லை, உள்ளே சரக்கும் மாறியிருக்கிறது. கொடுங்காயம் என்பதற்குப் பழைய 320-ல் இருபது நாள் கடும் வலி அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமை என்று இருந்தது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ல் அது பதினைந்து நாள். பதினெட்டு நாள் படுத்திருந்தவருக்குப் பழைய பழக்கத்தில் "சாதாரணக் காயம்" என்று சான்று கொடுத்துவிட்டால் கேஸே வேறு பிரிவுக்குப் போய்விடும்.

வடவாறு · ஏப்ரல் 7, காலை 6.50

எதற்கு இதெல்லாம்? வக்கீல்களுக்கு விசிட்டிங் கார்டு நீட்ட நாமே மேடை போட்டுக் கொடுப்பதா? 1995-ல் சாந்தா தீர்ப்பு வந்து நம்மை நுகர்வோர் சட்டத்துக்குள் இழுத்துவிட்டது. அன்றிலிருந்து வக்கீல் நோட்டீஸைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. இதில் கூட உட்கார்ந்து சாப்பாடு வேறா?

பெரிய தெரு வக்கீல் · ஏப்ரல் 7, காலை 9.05

வடவாறு சார், கோபம் நியாயம்தான். ஆனால் ஒன்று சொல்கிறேன். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் உங்களுக்கு ஒரு வேலி போட்டுக் கொடுத்தது. வேறொரு தகுதியான டாக்டரின் கருத்து இல்லாமல் கிரிமினல் அலட்சியப் புகாரைக் கையில் எடுக்கக் கூடாது என்றது. அதே புதிய சட்டத்தின் 106-லும் பொதுவாக அலட்சிய மரணத்துக்கு ஐந்து வருஷம் வரை என்று கூட்டிவிட்டு, மருத்துவச் சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற டாக்டருக்கு இரண்டு வருஷம் வரை என்று தனியாக வைத்திருக்கிறார்கள். இதை எனக்குத் தெரிந்த டாக்டர்கள் பாதிப் பேருக்கு நான்தான் சொன்னேன். எங்களோடு சாப்பிட மாட்டேன் என்றால் யார் சொல்வார்கள்?

நாகைக் கடற்காற்று · ஏப்ரல் 7, மதியம் 2.30

அரசு ஆஸ்பத்திரியில் கேஷுவால்டி டியூட்டி பார்ப்பவன். என் கருத்து: பிரிவு எண்ணை எல்லாம் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள், அதற்கு ஒரு நாள் வேண்டாம். பேச வேண்டியது ஏ.ஆர். காப்பியைப் பற்றித்தான்.

ராத்திரி பத்தரை மணி. ஒரே ஆம்புலன்ஸில் நாலு பேர், கூட இருபது பேர். ஒருத்தர் மண்டையில் ரத்தம். நான் தையல் போடுவேனா, கதை கேட்பேனா? பதிவேட்டில் ஆங்கிலத்தில்தான் எழுதுவோம்: இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், தெரிந்த மூன்று பேர் அரிவாளால் தாக்கியதாகச் சொல்கிறார் என்று. "தெரிந்த" என்பதற்கும் "தெரியாத" என்பதற்கும் ஆங்கிலத்தில் முன்னால் இரண்டே எழுத்துதான் வித்தியாசம். அவசரத்தில் அந்த இரண்டு எழுத்து சேர்ந்தாலும் விட்டுப்போனாலும் ஐந்து வருஷம் கழித்து அதுவே கேஸ்.

பெரிய தெரு வக்கீல் · ஏப்ரல் 7, இரவு 8.10

அய்யா, என் பிழைப்பின் ரகசியத்தை இப்படிப் போட்டு உடைத்துவிட்டீர்களே. நான் டிஃபன்ஸ் பக்கம், குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுபவன். எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர் பெயர் இருக்கும், ஏ.ஆர். காப்பியில் "தெரியாத மூன்று பேர்" என்று இருக்கும். எனக்கு வேறென்ன வேண்டும்? டாக்டரின் முதல் வேலை வைத்தியம், அடித்தவன் பெயரை விசாரிப்பது இல்லை என்று அரசுத் தரப்பு சொல்லும். அதுவும் சரிதான். ஆனால் சந்தேகம் விழுந்தது விழுந்ததுதான்.

அடுத்தது நேரம். ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் ஒன்று, ஸ்டேஷனுக்கு இன்டிமேஷன் (தகவல் சீட்டு) போன நேரம் ஒன்று, எஃப்.ஐ.ஆர். நேரம் ஒன்று. மூன்றும் ஒத்துப்போன கேஸை நான் பார்த்ததே இல்லை. சார், உரை எல்லாம் வேண்டாம். ஒரு மாதிரி விசாரணை வையுங்கள். நிஜ ஏ.ஆர். காப்பியில் பெயரை மறைத்துவிட்டு, ஒரு டாக்டரைக் கூண்டில் ஏற்றுங்கள். நான் இருபது நிமிஷம் குறுக்கு விசாரணை செய்கிறேன். அப்புறம் நிறுத்திவிட்டு எங்கே சறுக்கினார் என்று எல்லோரும் பேசலாம்.

குடந்தை டாக்டர் · ஏப்ரல் 7, இரவு 10.00

இதுதான் வேண்டும். மைய நிகழ்ச்சி முடிவாகிவிட்டது. கூண்டில் நானே ஏறுகிறேன், பழைய கடன் ஒன்று பாக்கி இருக்கிறது.

மாத்திரைப் பை · ஏப்ரல் 8, காலை 10.20

மருந்து கம்பெனிப் பிரதிநிதி நான். நீங்கள் பையைக் கிண்டல் செய்ததைப் படித்தேன், பரவாயில்லை. பணத்துக்கு எங்களைக் கேட்கலாமே? ஹால், சாப்பாடு இரண்டும் முடிந்துவிடும்.

ஓய்வுபெற்ற ஆர்.எம்.ஓ. · ஏப்ரல் 8, மதியம் 12.00

தம்பி, தப்பாக நினைக்காதே. 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை ஒழுக்க விதிகளைப் பார். கம்பெனி சி.எம்.இ.க்குப் பணம் கொடுக்கவே கூடாது என்று அதில் இல்லை. மருத்துவக் கல்லூரி, தொழில்முறைச் சங்கம் போன்றவை நடத்தினால் கொடுக்கலாம், செலவுக் கணக்கை வெளியே காட்ட வேண்டும். டாக்டருக்கும் அவர் குடும்பத்துக்கும் பரிசு, டிக்கெட், ஹோட்டல் அறை கூடாது. பேச்சாளர் கணக்கு வேறு.

எனக்கு உறுத்துவது அதுவல்ல. நீதித்துறையில் இருந்து ஒருவரைக் கூப்பிடப் போகிறோம். ஹால் வாசலில் ஸ்டால் போட்டு, பேனரில் கம்பெனி பெயர் இருந்தால் அவர் காரைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். கட்டணம் வையுங்கள். ஆளுக்கு 600 ரூபாய், ஜூனியர் வக்கீலுக்கும் பயிற்சி டாக்டருக்கும் 200. போதும்.

ஆடி மாதக் கணக்குப்பிள்ளை · ஏப்ரல் 8, மாலை 5.45

கல்யாண மண்டபத்துக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவன். தேதி விஷயத்தில் மட்டும் வாய் திறக்கிறேன். ஜூலை 1 டாக்டர்கள் தினம், புதுச் சட்டம் வந்த நாளும் அதே என்று யாராவது ஆசைப்படுவீர்கள். அது ஆனி மாதம், முகூர்த்தம் கொட்டிக் கிடக்கும், மண்டபம் கிடைக்காது. ஆடியில் வையுங்கள். எல்லா மண்டபமும் காலி, வாடகை பாதிக்குப் பேசலாம், சமையல்காரரும் சும்மா இருப்பார். ஆடிப்பெருக்கை ஒட்டி மட்டும் வேண்டாம், காவிரிக்கரைப் பக்கம் கார் நகராது. ஐப்பசி, கார்த்திகை பேச்சே எடுக்காதீர்கள். மழையில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஆள் எப்படி வருவார்?

பெரிய தெரு வக்கீல் · ஏப்ரல் 8, இரவு 7.30

இந்த இழையிலேயே உருப்படியான பதிவு இதுதான்.

மதுரைக் கிளை · ஏப்ரல் 9, காலை 8.15

இடத்தைப் பற்றி ஒன்று. தஞ்சாவூரா, கும்பகோணமா என்று சண்டை வரும் முன் சொல்லிவிடுகிறேன். டெல்டா ஒரே வயல்வெளி மாதிரித் தெரிந்தாலும் கோர்ட்டுக்கு அது இரண்டு துண்டு. தஞ்சாவூர் மாவட்டத்து அப்பீல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகை, மயிலாடுதுறை எல்லாம் சென்னைக்கு. அதனால் இந்தப் பக்கத்து வக்கீலும் அந்தப் பக்கத்து வக்கீலும் சந்திப்பதே கல்யாண வீட்டில்தான். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருப்பது கும்பகோணம். சென்னைப் பேச்சாளர் உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் இறங்கிக் குளித்துவிட்டு வரலாம்.

காரைக்கால் மாங்கனி · ஏப்ரல் 9, காலை 11.40

எங்களையும் கொஞ்சம் நினைவில் வையுங்கள். ஆறு ஒன்றுதான், அரசாங்கம் வேறு, நாங்கள் புதுச்சேரி. தமிழ்நாட்டுக் கிளினிக் சட்டம், 2008 ஆஸ்பத்திரி வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று நீங்கள் பேசும்போது எங்கள் டாக்டர்கள் முழிப்பார்கள். ஒரு அரைமணி நேரம் எங்களுக்கு.

பேறுகால மருத்துவர் · ஏப்ரல் 9, இரவு 9.50

நான் ஒன்று கேட்க வேண்டும். எல்லோரும் அரிவாள் காயத்திலேயே நிற்கிறீர்கள்.

என்னிடம் வருவது வேறு மாதிரி. அம்மா பதினாறு வயசுப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். வயிற்று வலி என்கிறாள். ஸ்கேன் பார்த்தால் பத்து வாரம். பையன் பக்கத்துத் தெரு, இவளுக்கு இரண்டு வயசு மூத்தவன். குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ன்படி நான் போலீசுக்குச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எனக்கே தண்டனை. சொன்னேன் என்றால் அந்த அம்மா அடுத்த தடவை என்னிடம் வர மாட்டாள், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பாள். அப்படி ரத்தப்போக்கோடு வந்த ஒரு பெண்ணை நான் பார்த்திருக்கிறேன்.

2022-ல் உச்ச நீதிமன்றம், மைனர் பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் கருக்கலைப்புக்காக வரும் அவளுடைய பெயர், அடையாளத்தை டாக்டர் அந்தத் தகவலில் சொல்ல வேண்டியதில்லை என்றது. நல்லது. ஆனால் ஸ்டேஷனுக்குப் போனால் "பேரில்லாம எப்படி மேடம் எஃப்.ஐ.ஆர். போடறது" என்கிறார்கள். தீர்ப்பின் நகலைப் பையிலேயே வைத்திருக்கிறேன். இதைப் பேச வக்கீல் வேண்டும், போலீஸ் வேண்டும். வீடியோ பதிவு கூடாது.

பெரிய தெரு வக்கீல் · ஏப்ரல் 9, இரவு 10.35

மேடம், இதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. தனி அமர்வாக வைக்க வேண்டியது. செல்போனை வெளியே வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடுவோம். ஒரு யோசனை: இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டால் வந்து வாழ்த்திவிட்டுப் போய்விடுவார். ஸ்டேஷன் ரைட்டர்களைக் கூப்பிடுங்கள். எஃப்.ஐ.ஆர். எழுதும் கை அவர்களுடையது.

தலைஞாயிறு · ஏப்ரல் 10, காலை 7.00

பாம்புக்கு ஒரு மணி நேரம் வேண்டும். சிரிக்காதீர்கள்.

அறுப்புக் காலத்தில் களத்தில் படுத்திருப்பார். விடிகாலை வயிற்று வலி, வாந்தி. கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், தொண்டை அடைக்கும். கட்டுவிரியன். கடித்த இடம் கண்ணுக்கே தெரியாது, வீக்கமும் இருக்காது. வழியிலேயே போய்விட்டால் உடற்கூறு அறிக்கையில் என்ன எழுதுவார்கள்? உள்ளுறுப்பை ஆய்வகத்துக்கு அனுப்பினால் வழக்கமான விஷப் பரிசோதனையில் பாம்பு விஷம் பிடிபடாது. "விஷம் எதுவும் காணப்படவில்லை" என்று தாள் வரும். அதைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் பணம் இல்லை என்பார். அந்தக் குடும்பம் உங்களில் ஒருவரைத்தான் தேடி வரும்.

முதலில் பார்த்த டாக்டர் "இமை தொங்கியது, கடிவாய் இல்லை, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் ரத்தம் உறைந்தது" என்று மூன்று வரி எழுதியிருந்தால் வக்கீலுக்குப் பிடிகொம்பு கிடைக்கும். கண்ணாடி விரியனில் உறையாது, கட்டுவிரியனில் உறையும். அந்த மூன்று வரியை யாரும் எழுதுவதில்லை.

மதுரைக் கிளை · ஏப்ரல் 10, காலை 9.30

சார், பத்து வருஷமாக விபத்துக் கேஸ் நடத்துகிறேன். உறைந்தால்தான் கட்டுவிரியன் என்பது இன்றுதான் தெரியும். நான் வருகிறேன்.

ஊனச் சான்றையும் சேருங்கள். "இடது கை, 40 சதவீதம்" என்று மட்டும் எழுதித் தந்தால் எங்களுக்குப் பாதி வேலைதான் முடிகிறது. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சொல்வது அதைத்தான்: உடம்பின் ஊனம் வேறு, சம்பாத்தியம் போனது வேறு. இடது கை போன டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகலாம், அதே கை போன குமாஸ்தாவுக்கு அப்படி இல்லை. டாக்டர் சதவீதத்தோடு, அவரால் என்ன செய்ய முடியாது என்றும் எழுதினால் போதும்.

ஓய்வுபெற்ற ஆர்.எம்.ஓ. · ஏப்ரல் 10, மாலை 4.20

என் குறையையும் கேளுங்கள். ஓய்வுபெற்று ஒன்பது வருஷம். இன்னும் சம்மன் வருகிறது. பஸ் ஏறிப் போய் மூன்று மணி வரை மரத்தடியில் உட்கார்ந்தால் "வாய்தா" என்பார்கள். இப்போது புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 336 என்று ஒன்று இருக்கிறதாம். ஓய்வுபெற்ற, மாற்றலான டாக்டரின் அறிக்கையைப் பற்றி, இப்போது அந்தப் பதவியில் இருப்பவர் சாட்சி சொல்லலாம், காணொலியிலும் சொல்லலாம் என்று. எனக்கு நிம்மதி. ஆனால் என் இடத்தில் இப்போது இருக்கும் பெண்ணை நினைத்தால் பாவமாக இருக்கிறது. தான் பார்க்காத காயத்தைப் பற்றி அவள் என்ன சொல்வாள்? அதுவும் என் கையெழுத்தில்!

பெரிய தெரு வக்கீல் · ஏப்ரல் 10, இரவு 8.00

அங்கேதான் நான் நிற்பேன் சார். "நீங்கள் காயத்தைப் பார்த்தீர்களா? இல்லை. அவரிடம் கேட்டீர்களா? இல்லை. உட்காருங்கள்." இதையும் மாதிரி விசாரணையில் வைப்போம்.

குடந்தை டாக்டர் · மே 18, இரவு 9.15

நிலவரம். ஆடி இரண்டாம் ஞாயிறு, காலை 9 முதல் 5 வரை. மண்டபம் பேசியாயிற்று. கிரெடிட் நேரத்துக்கு மருத்துவ கவுன்சிலுக்கு நிகழ்ச்சி நிரலோடு விண்ணப்பம் போயிருக்கிறது. மாதிரி விசாரணைக்கு நீதிபதியாக இருக்க, ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் ஒப்புக்கொண்டார். பணியில் இருப்பவரைக் கேட்டால் அனுமதிக் கடிதம், அலைச்சல். காலை இட்லிக்குக் கடப்பா, மதியம் இலை போட்டுச் சாப்பாடு, திருவையாற்று அசோகா அல்வா. பை கிடையாது. பேச்சு தமிழில்தான், சட்டச் சொல் மட்டும் எப்படி வருகிறதோ அப்படி.

குடந்தை டாக்டர் · ஆடி கூட்டம் முடிந்த மறுநாள், காலை 7.40

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நூற்று நாற்பது பேர் எதிர்பார்த்தோம், நூற்று எண்பதுக்கு மேல் வந்தார்கள். சாப்பாடு இரண்டு பந்தி, கடைசி வரிசைக்கு அசோகா இல்லை. பதினொரு மணிக்கு மாதிரி விசாரணை தொடங்க, பக்கத்து மாரியம்மன் கோயிலில் கஞ்சி வார்ப்பு, ஒலிபெருக்கி. பெரிய தெரு வக்கீல் என்னைப் பார்த்து "நீங்கள் எழுதியது பொய்தானே?" என்று கேட்கும் நேரத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி குரல். சாட்சிக்கு அம்மனே துணை வந்துவிட்டாள் என்று நீதிபதி சொன்னார்.

ஒரு தப்பு நடந்தது, மறைக்கப் போவதில்லை. ஏ.ஆர். காப்பியில் பெயர், ஊர், வயசு எல்லாம் கறுப்பு அடித்தேன். அங்க அடையாளம் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். திரையில் போட்டதும் மூன்றாம் வரிசையில் ஒரு வக்கீல் எழுந்து, "சார், இது என் கட்சிக்காரர்" என்றார். உடனே எடுத்துவிட்டு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த தடவை நிஜக் காப்பியே வேண்டாம், புதிதாக ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும்.

போக்சோ அமர்வில் ஏழு ரைட்டர்கள். என்ன பேசினோம் என்பது வெளியே வராது. ஆனால் நாற்பத்தைந்து நிமிஷம் என்று வைத்தது இரண்டு மணி நேரம் போனது, காரைக்கால்காரர்களின் அரைமணியும் அதில் போய்விட்டது. மாங்கனி, உங்களிடம் கடன்பட்டிருக்கிறேன்.

வடவாறு · அதே நாள், மதியம் 1.10

வந்திருந்தேன். கடைசி வரிசை. விசிட்டிங் கார்டு யாரும் நீட்டவில்லை. அசோகாவும் கிடைக்கவில்லை.

நாகைக் கடற்காற்று · மூன்று நாள் கழித்து, இரவு 11.50

டியூட்டியில் இருந்து அவசரமாக. இப்போதுதான் ஒரு கேஸ். கட்டையால் மண்டையில் அடி, நினைவு இருக்கிறது. யார் அடித்தது, தெரிந்தவரா என்று கேட்டேன். "தெரிஞ்சவன்தான் டாக்டர், சித்தப்பா மகன். ஆனா எழுதாதீங்க, வீட்டுல பேசிக்கறோம்" என்கிறார். கூட வந்த அண்ணன் "யாருன்னே தெரியாதுன்னு எழுதுங்க" என்கிறார். என்ன எழுத?

பெரிய தெரு வக்கீல் · இரவு 11.56

அடிபட்டவர் சொன்னதை எழுதுங்கள், அவர் சொன்னார் என்றே எழுதுங்கள். அண்ணன் சொன்னதை அண்ணன் சொன்னதாகத் தனி வரியில். ஸ்டேஷனுக்கு இன்டிமேஷன் அனுப்புங்கள், அவர்கள் வீட்டில் பேசிக்கொள்வது அவர்கள் பாடு. வந்த நேரம் போட்டீர்களா?

நாகைக் கடற்காற்று · நள்ளிரவு 12.03

11.35 என்று போட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

பெரிய தெரு வக்கீல் · நள்ளிரவு 12.04

செல்போனோடு சரிபார்த்தீர்களா?

நாகைக் கடற்காற்று · நள்ளிரவு 12.09

பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது சார். எத்தனை வருஷமாகவோ.